பேய்க்கு ஒரு நாற்காலி: சாமியும் ஆவியும் அரக்கனும் வரும் தேவதைக் கதையை எழுத ஒரு முழு வழிகாட்டி

எனக்குப் பத்து வயது இருக்கும். பினாங்கு ஜார்ஜ்டவுனில் சீனர்களின் ஏழாம் மாதம். தெருமுனையில் மேடை கட்டி, பளபளவென்று சட்டை போட்ட ஒரு பெண் ஹொக்கியனில் பாடிக்கொண்டிருந்தார். கோத்தாய் என்பார்கள் இங்கே. கூட்டம் நெரிந்தது. ஆனால் முன்வரிசையில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் காலி. சும்மா விடுவேனா? ஓடிப்போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். உடனே ஒரு சீன ஆண்டி, "அடிக், சித்து தா போலே டூடுக்!" (தம்பி, அங்கே உட்காரக் கூடாது) என்று மலாயில் சொல்லி என் கையைப் பிடித்து எழுப்பினார். பின்னாலேயே வந்த பாட்டி தலையில் ஒரு குட்டு வைத்து, "அது அவங்க இடம்டா" என்றார். யார் அந்த 'அவங்க' என்று பாட்டியும் சொல்லவில்லை, ஆண்டியும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் காலைக் கழுவச் சொல்லி நெற்றியில் திருநீறு பூசியதோடு பேச்சு முடிந்தது.

கதை எழுத ஆரம்பித்துப் பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஒரு தேவதைக் கதைக்கு வேண்டிய எல்லாமே அந்த நாற்காலியில் இருந்திருக்கிறது. ஓர் இடம், ஒரு விதி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சொந்தக்காரர், தெரியாமல் மீறிவிட்ட ஒரு பிள்ளை. இந்த வழிகாட்டியில் அந்த நாற்காலியிலிருந்தே ஒரு கதையைக் கட்டிக் காட்டுகிறேன். எங்கள் வாசிப்புக் குழுவில் எட்டுப் பேர் முன்னால் நான் படித்து, திட்டு வாங்கி, மூன்று முறை திருத்திய கதை அது.

தொடங்கும் முன் ஒரு சொல்லைப் பற்றி

தேவதைக் கதை என்றதும் சிறகும் மந்திரக்கோலும் வைத்த வெள்ளைக்காரப் பெண் ஞாபகத்துக்கு வருவது பள்ளிக்கூடப் புத்தகம் செய்த வேலை. அந்தப் பெயரைப் பிரபலமாக்கியவர் மேடம் டோல்னுவா. 1697இல் பாரிஸில் அவருடைய தொகுப்பு வந்தது. அதே வருடம் ஷார்ல் பெரோவின் தொகுப்பும் வந்தது. பாட்டிகள் சொன்ன கதைகளை வைத்துக்கொண்டு, ஒரு தனி எழுத்தாளர் தன் மூளையோடும் தன் காலத்து நக்கலோடும் எழுதிய கதைகள் அவை. பிறகு ஜெர்மன்காரர்கள், டென்மார்க்கின் ஆண்டர்சன் என்று வண்டி ஓடியது. ஊரே சேர்ந்து சொன்னால் நாட்டார் கதை. ஒருவர் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் இலக்கியத் தேவதைக் கதை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் தமிழில் 'தேவதை' என்ற சொல்லே வேறு. கிராம தேவதை, வன தேவதை, துர்தேவதை எல்லாம் அதற்குள் அடக்கம். அரிவாளோடு நிற்பவரும் தேவதை, வேப்பிலையோடு இருப்பவளும் தேவதை. ஆக, சிறகு வைத்த பெண்ணைக் கடன் வாங்க வேண்டிய அவசியம் நமக்கு எப்போதுமே இருந்ததில்லை.

முதல் படி: யாரைக் கூப்பிடுகிறீர்கள்?

தோட்டத்து முனீஸ்வரர், மதுரைவீரன், சங்கிலிக்கறுப்பர், மரத்தடிச் சிவப்புக் குடிலில் டத்தோ கோங், வாழைமரத்தில் மலாய்ப் பெண்பேய் பொந்தியானாக், பக்கத்து வீட்டுப் பணத்தைத் திருடும் குழந்தைப் பேய் தோயோல். இவ்வளவு பேரையும் 'அமானுஷ்யம்' என்ற ஒரே சாக்கில் கட்டிவிட்டால் கதை நாறும். புதிதாக எழுதுபவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். பயமுறுத்த ஒருவர் வேண்டும், யாராக இருந்தால் என்ன என்று நினைக்கிறார்கள்.

நான் பிரிப்பது ஒரே கேள்வியை வைத்து: இவருக்கு மனிதரிடமிருந்து என்ன வேண்டும்?

சாமிக்கு வேண்டியது முறை. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து நாற்சந்தியில் நிற்கிறதே சதுக்கப் பூதம், அது நல்ல உதாரணம். பொய்ச்சாட்சி சொன்னவன், பிறன் மனைவியை நயந்தவன், புறம் பேசுபவன் இவர்களையெல்லாம் பாசக்கயிற்றில் கட்டி, அறைந்து உண்பேன் என்று நான்கு காதம் கேட்கும்படி கத்தும். உருவம் பூதம், வேலை போலீஸ். ஒழுங்காக இருப்பவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

பேய்க்கு வேண்டியது பாதியில் நின்ற ஏதோ ஒன்று. பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைக் கொன்ற கணவனைத் தேடிப் பெண் உருவில் வருகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். பஞ்சாயத்தில் நின்று 'இவர் என் புருஷன்' என்று அழுகிறாள். எழுபது வேளாளர் அவள் பேச்சை நம்பி, அவனுக்கு ஏதும் நேர்ந்தால் தங்கள் உயிரைத் தருவதாக வாக்குக் கொடுத்து, அவனை அவளோடு அனுப்பிவைத்தார்கள். அவள் அவனைக் கொன்ற பிறகு, வாக்குத் தவறாமல் அவர்களே தீயில் இறங்கினார்கள். அவளிடம் இருக்கும் ஆயுதம் அழுகை. நகமும் பல்லும் அப்புறம்தான்.

அரக்கனுக்கு வேண்டியது வியாபாரம். அவனுக்குத் தனியாக ஒரு படியே ஒதுக்கியிருக்கிறேன், கீழே பார்ப்போம்.

இந்த மூன்று பெட்டிகளுக்கும் மூடி கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்த மதுரைவீரன் இன்று காவல் சாமி. டத்தோ கோங்கும் அப்படித்தான். பல இடங்களில், ஒரு காலத்தில் அந்த மண்ணில் மதிப்போடு வாழ்ந்த ஒரு மலாய்ப் பெரியவரின் ஆவி என்பார்கள். சீனர்கள் படையல் வைத்துக் கும்பிடுகிறார்கள். அநியாயமாகச் செத்தவருக்கும் ஊருக்குக் காவலாக இருந்தவருக்கும் ஊர் சோறு வைக்க ஆரம்பித்தால் பதவி உயர்வு கிடைத்துவிடுகிறது. பேய் சாமியாவதை மட்டும் வைத்தே ஒரு முழுக்கதை எழுதலாம். என் கதையின் முடிவும் அந்தப் பக்கம்தான் போனது.

இரண்டாம் படி: எல்லைக் கல் நடுங்கள்

சாமிக்கும் பேய்க்கும் எல்லை உண்டு. முனி இந்த மரம்வரை, காளி அந்த ஓடைவரை என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். எங்கும் போய்வரக்கூடிய பேயை வைத்துக் கதை நடத்த முடியாது. அதற்கு எதுவும் தடையாக இருக்காது, தடை இல்லையென்றால் கதையும் இல்லை.

நாற்காலியில் உட்காரும் பேய் எங்கிருந்து வந்தது? பல நாள் யோசித்தேன். பினாங்குப் பாலத்தில் போகும்போது தெற்கே ஒரு பச்சைத் தீவு தெரியும், பூலாவ் ஜெரெஜாக். 1969 முதல் 1993 வரை அங்கே சிறைச்சாலை இருந்தது. அதற்கு முன், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொழுநோயாளிகளுக்கான இடமும், கப்பலில் வருபவர்களைத் தடுத்து வைக்கும் தொற்றுத்தடுப்பு முகாமும் அங்கே இருந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் ஆட்களை அங்கே இறக்கி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பினாங்கு மண்ணில் கால் வைக்க விடுவார்கள். அங்கேயே செத்துப் போனவன் பினாங்கைக் கண்ணால் பார்த்திருப்பான். எதிரே மலை தெரியும், ராத்திரியில் விளக்கு தெரியும். ஆனால் கால் வைத்திருக்க மாட்டான்.

பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று பாட்டி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதினேன். என் பேய்க்குக் கால் பாவாமல் போனதற்குக் காரணமே அவன் கரை இறங்கவில்லை என்பதுதான்! சின்ன வயதில் கேட்ட நம்பிக்கையும் தீவின் சரித்திரமும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டன. இப்படி ஒரு பொருத்தம் கிடைக்கும்வரை எழுத உட்காராதீர்கள் என்பேன். ஊரில் வழங்கும் நம்பிக்கை ஒன்று, ஊரில் நடந்த உண்மை ஒன்று. இரண்டும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று தேட வேண்டியதுதான் இந்தப் படியின் வேலை.

நாற்காலிக்கும் காரணம் கிடைத்துவிட்டது. நிற்கும்போது அவன் கால் தரைக்கு மேலே நாலு விரற்கடை தொங்கும், எல்லாருக்கும் தெரிந்துவிடும். உட்கார்ந்துவிட்டால் அவனும் மற்றவர்களைப் போலத்தான். வருடத்தில் ஒரு மாதம் பேய்களுக்குக் கதவு திறக்கிறார்கள், அழைப்பு சீனப் பேய்களுக்குத்தான் என்றாலும் வாசலில் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. அவன் வருகிறான், பாட்டு புரியாவிட்டாலும் முன்வரிசையில் உட்காருகிறான். அந்த வருடம் அவன் நாற்காலியில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள்.

(தகவலுக்கு: 2024இல் ஏழாம் மாதம் பிறந்ததும் நம் ஆடி அமாவாசையும் ஒரே நாள், ஆகஸ்ட் 4. ஒரு தெருவில் காக்கைக்குச் சோறு, அடுத்த தெருவில் ஊதுவத்தி. கதைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?)

மூன்றாம் படி: விதி போடுங்கள்

இங்கே நிதானமாக இருங்கள். இந்தப் படி சரியாக அமைந்தால் பாதிக் கதை தானாக நடக்கும்.

விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளம் போட்ட விதிக்கு இணையாக உலகத்தில் இன்னொன்று உண்டா என்று எனக்குச் சந்தேகம். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறிவிடும். வாயைத் திறந்தாலும் நஷ்டம், மூடினாலும் நஷ்டம். ராஜாவின் அறிவே ராஜாவுக்கு எதிரி. இந்தக் கதைகளைப் பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தன் கதாசரித்சாகரத்தில் எழுதிவைத்தார். இத்தனை காலம் ஓடியும் விதி துருப்பிடிக்கவில்லை.

ஐரோப்பியர்களிடமும் நல்ல விதிகள் உண்டு. ஃபூக்கே 1811இல் எழுதிய உண்டினே கதையில் நீர்ப்பெண் ஒருத்தி மனிதனைக் கல்யாணம் செய்துகொண்டு ஆத்மா பெறுகிறாள். தண்ணீரின் மேல் இருக்கும்போது மட்டும் அவளை ஏசக் கூடாது. புருஷன் படகில் வைத்து ஏசுகிறான், அவள் ஆற்றோடு போய்விடுகிறாள். ஆண்டர்சனின் கடற்கன்னிக்கு (1837) கால் கிடைக்கிறது, ஆனால் நாக்கு போகிறது, எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கும். ஸ்டீவன்சனின் 1891ஆம் வருடத்துக் குப்பிப் பூதம் கேட்டதெல்லாம் தரும். குப்பியோடு செத்தால் நரகம். விற்றுத் தொலைக்கலாம், ஆனால் வாங்கிய விலைக்குக் குறைவாகத்தான் விற்க முடியும். விலை இறங்கி இறங்கி ஒரு காசுக்கு வந்துவிட்டால் என்ன கதி? வாசகன் அந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்து வியர்த்துப்போவான்.

இவற்றையெல்லாம் வைத்து நான் கற்றுக்கொண்டது இது. விதியை ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். கெட்ட எண்ணம் இல்லாதவரும் மீறக்கூடியதாக இருக்க வேண்டும். மீறினால் வரும் தண்டனை, அவருக்கு எது உயிரோ அதையே தொட வேண்டும். 'நூறு வருடம் கல்லாகக் கிட' என்று சாபம் கொடுப்பது சுலபம், ஆனால் வலிக்காது. உண்டினேயின் புருஷன் செய்தது வீட்டுக்கு வீடு நடக்கும் ஏச்சுத்தானே, அதனால்தான் நமக்குச் சுருக்கென்கிறது.

என் முதல் வரைவில் நாற்காலியில் உட்கார்ந்த பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. குழுவில் ஒரு அக்கா சிரித்தார். "எல்லாப் பேயும் காய்ச்சல்தான் குடுக்குது. இது என்ன, கிளினிக்கா?" சரிதான். மாற்றினேன். இப்போது விதி இப்படி: பேயின் இடத்தில் உட்கார்ந்தவர், அந்தப் பேய்க்கு ஓர் இடம் தேடிக் கொடுக்க வேண்டும். மாதம் முடிவதற்குள். கொடுக்காவிட்டால் அவள் காலும் தரையில் பாவாது. முதல் நாள் செருப்பு தேயவில்லை. இரண்டாம் நாள் ஈரத்தரையில் தடம் விழவில்லை. மூன்றாம் நாள் அவள் நடந்துவரும் சத்தமே பாட்டிக்குக் கேட்கவில்லை.

நான்காம் படி: என்ன சாப்பிடும்?

கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் நம் மரபில் இது மிகப்பெரிய கேள்வி. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசியோடு காத்திருந்து, போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் காய்ச்சி ஒன்றையொன்று அதட்டிப் பரிமாறுகின்றன. அசல் கல்யாண வீட்டுப் பந்தி. மணிமேகலையில் காயசண்டிகை, பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு நாவற்பழம் உண்ணும் முனிவரின் பழத்தைத் தெரியாமல் மிதித்துவிட்டு, பன்னிரண்டு வருடம் யானைத்தீ என்ற அடங்காப் பசியோடு அலைகிறாள். சாபமே பசிதான்.

இங்கேயும் படையலை வைத்தே ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். முனிக்குச் சுருட்டும் கறுப்பு பீரும். டத்தோ கோங்குக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள் சோறு, கோழிக்கறி. பன்றி மட்டும் கிட்டேயே போகக் கூடாது, மலாய்க்காரர் அல்லவா. தோயோலுக்கு வளர்ப்பவரின் கால் கட்டைவிரல் ரத்தம். அதே தோயோல் தரையில் பச்சைப்பயறையோ கோலியையோ இறைத்துவிட்டால் திருட வந்ததை மறந்து விளையாட உட்கார்ந்துவிடும் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த விவரம் இது. செத்தும் அது குழந்தைதானே.

உங்கள் பேய் கேட்கும் பொருள் ஒவ்வொன்றும் அது யார் என்று சொல்ல வேண்டும். ஏழாம் மாதத்தில் கடைகளில் காகிதச் சட்டை, காகிதக் கைப்பேசி, காகிதச் சப்பாத்து எல்லாம் தொங்கும். எரித்தால் செத்தவருக்குப் போய்ச் சேரும். என் கதையில் அந்தப் பெண் சேர்த்துவைத்த காசில் காகிதச் சப்பாத்து வாங்கி எரிக்கிறாள். அது பக்கத்து நாற்காலியில் இருக்கும் சீனத் தாத்தா ஆவிக்குப் போய்விடுகிறது. அவர் மகா சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு ஆட்டிக் காட்டுகிறார். நம்மவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த நாள் வாழையிலையில் சோறு, கருவாடு, முருங்கைக்கீரை. அவன் முகர்ந்து பார்த்துவிட்டு, "யாருக்குன்னு சொல்லி வச்ச?" என்கிறான். பெயர் சொல்லாமல் வைத்த சோறு யாருக்கும் போகாது. பெயர் அவனுக்கே மறந்துபோய்விட்டது.

ஐந்தாம் படி: அரக்கனிடம் பேரம்

பெயர் வேண்டும். பெயர் யாரிடம் இருக்கிறது? ஆள்கட்டிக் கொண்டுவந்தவனிடம்.

கங்காணி என்ற சொல்லைக் கேட்டாலே இங்கே பல குடும்பங்களுக்கு ஒரு கதை இருக்கும். ஊருக்குப் போய் ஆள் திரட்டி வருவார், திரட்டிய ஆட்கள் வேலைக்கு இறங்கும் நாள்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசும் பெறுவார். 1938இல் இந்திய அரசாங்கம் தடை போட்ட பிறகுதான் அப்படி ஆள் கொண்டுவருவது நின்றது. அவர்களில் நல்லவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் தேவதைக் கதைக்குள் நுழைந்ததும் அந்தப் பேரேடு பெரிதாகி, கையில் வைத்திருப்பவனுக்கு வால் முளைத்துவிடுகிறது. என் அரக்கன் வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, குடை. படகுத்துறைக்கு அடியில், தூண்களுக்கு நடுவே, வற்றாத சேற்றில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறான். பேரேட்டில் செத்தவர் பெயர்களுக்கு இன்னும் தலைக்காசு வாங்கிக்கொண்டிருக்கிறான்.

இங்கே நம் மரபுக்கும் ஐரோப்பிய மரபுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, எழுதுகிறவர் கட்டாயம் கவனிக்க வேண்டும். அங்கே மனிதன் சாத்தானிடம் போய் எதையாவது விற்கிறான். சாமிஸ்ஸோவின் கதையில் (1814) ஒருவன் தன் நிழலை விற்கிறான். ஹௌஃபின் கதையில் (1827) ஏழைக் கரிக்காரன் இதயத்தைக் கொடுத்துக் கல் இதயம் வாங்கிக்கொள்கிறான், பணம் வருகிறது, அழ முடியவில்லை. நம் புராணத்திலோ அரக்கனே தவம் இருந்து சாமியிடம் ஒப்பந்தம் போடுகிறான். மனிதனாலும் மிருகத்தாலும் சாகக் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது என்று இரணியன் ஒரு வக்கீலைப் போல எழுதி வாங்கினான். விட்டுப்போன இடுக்கில், அந்திநேரத்து வாசற்படியில், நரசிம்மம் வந்தது. பஸ்மாசுரன் யார் தலையில் கை வைத்தாலும் சாம்பலாகும் வரம் வாங்கினான், தன் தலையிலேயே கை வைத்தான்.

இரண்டு மரபிலும் பொதுவாக ஒன்று உண்டு. அரக்கன் பொய் சொல்வதில்லை. சொல்லுக்குச் சொல் ஒப்பந்தப்படி நடப்பான். அவனைத் தோற்கடிக்கும் ஓட்டையும் அதே ஒப்பந்தத்துக்குள்தான் இருக்கும். வெளியிலிருந்து வாள் கொண்டுவந்து வெட்டினால் அது சினிமா. ஆகவே பேரத்தை எழுதும்போதே ஓட்டையையும் எழுதிவிடுங்கள், ஆனால் வாசகன் கண்ணில் படாமல்.

என் அரக்கன் கேட்டது: "பேருக்குப் பேர். அவன் பேரை உனக்குத் தருகிறேன். உன் பேர் ஒன்றை எனக்குக் கொடு. உன் பேர் இருந்த இடத்தில் அவன் பேர் இருக்கும்." அந்தப் பெண்ணுக்கு இரண்டு பெயர். பள்ளிப் பெயர் ஒன்று, பாட்டி மட்டும் கூப்பிடும் 'பொம்மி' ஒன்று. பள்ளிப் பெயர் போனால் வகுப்பில் வம்பு. செல்லப் பெயர்தானே என்று பொம்மியைக் கொடுத்துவிடுகிறாள்.

வீட்டுக்குப் போகிறாள். பாட்டி கூப்பிட வாயைத் திறக்கிறார். "சின்னக்காளை..." என்று வருகிறது. பாட்டிக்கே திகைப்பு. மறுபடி முயல்கிறார், மறுபடி சின்னக்காளை. பேயின் பெயர் கிடைத்துவிட்டது. பொம்மி என்று கூப்பிட இனி உலகத்தில் ஆள் இல்லை.

குழுவில் இந்த இடத்தைப் படித்தபோது யாரும் பேசவில்லை. அதுவரை பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டார். அப்போதுதான் விலை சரியாக அமைந்திருக்கிறது என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆறாம் படி: சாமியைத் தாமதமாகக் கொண்டுவாருங்கள்

சாமி வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால் கதை அங்கேயே படுத்துவிடும். அதற்காகச் சாமியே இல்லாமலும் எழுத வேண்டாம். ரோமானிய எழுத்தாளர் அப்யூலியஸ் இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய சைக்கி கதையில் வீனஸ் தெய்வம் ஓர் அசல் கொடுமைக்கார மாமியார். கோதுமை, பார்லி, கசகசா, பருப்பு எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்து கொட்டி, பொழுது சாய்வதற்குள் பிரித்து வை என்கிறாள். முறம் பிடித்த எந்தத் தமிழ் மருமகளுக்கும் இது புரியும். எறும்புகள் வந்து உதவுகின்றன. சாமி அங்கே தடையாக நிற்கிறது, உதவி மிகச் சின்ன உயிரிடமிருந்து வருகிறது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்.

நம் சூரசம்ஹாரத்தின் முடிவும் யோசிக்க வேண்டியது. முருகன் சூரனை அழிக்கவில்லை. மயிலும் சேவலுமாக்கி வேலைக்கு வைத்துக்கொண்டார். எதிரிக்கு வேலை கொடுக்கும் முடிவை நம் எழுத்தாளர்கள் ஏன் அதிகம் பயன்படுத்துவதில்லை என்று தெரியவில்லை.

என் கதையில் படகுத்துறைக்கு ஒரு காவல் சாமி. பெயர் வைக்கவில்லை, மீசையும் சுருட்டும் மட்டும். கரையேறும் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார், ஊர்ப் பெரியவர்கள் கேட்பதுதான்: "யார் வீட்டுப் பிள்ளை?" பதில் இருந்தால் உள்ளே. அவர் யார் பெயரையும் கேட்பதில்லை. பொம்மியைக் கொடுத்து வாங்கிய பெயர் வீணா என்று அந்தப் பெண்ணுக்கு அழுகை முட்டுகிறது. எட்டுப் பேரில் ஐந்து பேர், 'இவன் எங்க வீட்டுப் பிள்ளை என்று அவளே சொல்லட்டும், முடி' என்றார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அவள் சொன்னால் அது இரக்கம், ஒப்பந்தத்தின் ஓட்டை பயன்படவே இல்லை. கதையை இரண்டு வாரம் மூடி வைத்தேன்.

ஏழாம் படி: ஒவ்வொருவருக்கும் ஒரு நாக்கு

கதாசரித்சாகரத்துக்கு மூலமான பிருகத்கதையைக் குணாட்டியர் பைசாசி மொழியில், பேய்களின் பாஷையில், எழுதினார் என்பது பழைய கதை. அதுவும் தன் ரத்தத்தால். அரசன் முகம் சுளித்ததும் காட்டில் உட்கார்ந்து மிருகங்களுக்கு வாசித்துக் காட்டி ஒவ்வோர் ஏடாக நெருப்பில் போட்டாராம். ஏழு லட்சம் சுலோகத்தில் ஒரு லட்சம்தான் மிஞ்சியது. நமக்குக் கிடைத்த கதைகளெல்லாம் பேய்மொழியிலிருந்து வந்தவை என்று நினைத்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

சுருக்கமாகச் சொல்கிறேன். சின்னக்காளை தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழ் பேசுவான், மலாய்ச் சொல் ஒன்றுகூட வராது, ஏனென்றால் அவன் இங்கே வாழவே இல்லை. பொம்மி பாசார், லோரோங், தாப்பாவ் என்று நம்மைப் போலப் பேசுவாள். அவர்கள் ஒருவருக்கொருவர் புரியாமல் விழிக்கும் இடங்களில் சிரிப்பு தானாக வரும். அரக்கன் மட்டும் சுத்தமான அலுவலகத் தமிழ். சாமிக்கு மூன்று வார்த்தைக்கு மேல் கொடுக்காதீர்கள். சாமி பிரசங்கம் செய்ய ஆரம்பித்தால் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

எட்டாம் படி: மரியாதை

நாம் எழுதுவது கும்பிடப்படுகிற தெய்வங்களைப் பற்றி. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறும் ஒருவருடைய மனத்தில் இருப்பவரைக் கோமாளியாக்கிவிட்டு, கற்பனைதானே என்று தோளைக் குலுக்கக் கூடாது. அதற்காகப் பயந்து நடுங்கவும் வேண்டாம். புதுமைப்பித்தன் 1943இலேயே கடவுளைச் சென்னைக்குக் கூட்டிவந்து காப்பி குடிக்க வைத்துவிட்டார். கேலி யார் பக்கம் திரும்புகிறது என்பதுதான் விஷயம், அங்கே அது மனிதர் பக்கம் திரும்பியது.

நான் வைத்திருக்கும் வழக்கம் இது. உண்மையான கோயிலின் பெயரை வைத்து அந்தச் சாமியைத் தப்புச் செய்ய வைக்க மாட்டேன். அடுத்தவருடைய ஆவியை, டத்தோ கோங்கோ பொந்தியானாக்கோ, எழுதும்போது அவர்களில் ஒருவரிடம் வாசித்துக் காட்டுவேன். சப்பாத்து ஆட்டும் சீனத் தாத்தாவை எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு சீன ஆண்டிக்கு மலாயில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவர், பிறகு ஒரு திருத்தம் சொன்னார். மாத முடிவில் பேய்களின் தலைவர் தாய் சு யாவின் பெரிய காகித உருவத்தை எரிக்கும்போது எல்லாரும் திரும்பிப் போயாக வேண்டும், உன் ஆளுக்கும் அந்த ராத்திரிதான் கடைசி, இல்லையா? கெடு எந்த நாழிகையில் முடிகிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் சொல்லித்தான் கிடைத்தது.

கடைசிப் படி: எங்கே நிறுத்துவது

அந்த ராத்திரி. காகித உருவம் பற்றி எரிகிறது, சாம்பல் கடல்பக்கம் பறக்கிறது. சீனத் தாத்தா புதுச் சப்பாத்தோடு போய்விட்டார். துறையில் சின்னக்காளை நாலு விரற்கடை உயரத்தில் நிற்கிறான். பொம்மியும் இப்போது இரண்டு விரற்கடை உயரத்தில். சாமி சுருட்டை எடுத்துவிட்டுக் கேட்கிறார், "யார் வீட்டுப் பிள்ளை?" யாரும் பதில் சொல்லவில்லை. தூண்களுக்கு அடியில் அரக்கன் பேரேட்டின் பக்கத்தைப் புரட்டும் சத்தம் மட்டும்.

அப்போது அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியிலிருந்து, பேத்தியை இன்னும் காணோமே என்று பாட்டி சன்னலில் நின்று கூப்பிடுகிறார். வாயில் வருவது ஒரே பெயர்தான்.

"ஏய் சின்னக்காளை! சோறு ஆறுது, வீட்டுக்கு வாடி!"

'வாடி'யை 'வாடா' ஆக்கச் சொல்லி ஒருவர் வாதாடினார். மாட்டேன் என்றுவிட்டேன். பாட்டிக்குத் தான் கூப்பிடுவது பேத்தி என்றுதான் இன்னமும் நினைப்பு. அவன் கால் தரையில் பட்டதா, அரக்கன் என்ன ஆனான், பொம்மி என்ற பெயர் திரும்பி வந்ததா, எதையும் நான் எழுதவில்லை. சாமி வழி விட்டு ஒதுங்குகிறார், துறையின் ஈரப்பலகையில் இரண்டு ஜோடித் தடம்.